முதுகலை: முத்தா, சிப்பியா?

ஆண்டுதோறும் இளங்கலைத் தேர்வு முடிவுகள் வெளியான மறுவாரம் நம் துறையின் வாயிலில் ஒரு கேள்வி வந்து நிற்கும். மதிப்பெண் பட்டியலைச் சுருட்டிப் பிடித்த மாணவரும், அவருக்குப் பின்னால் தயங்கி நிற்கும் தந்தையாரும் சேர்ந்து கேட்கும் கேள்வி அது. "ஐயா, பி.ஏ.யோடு நிறுத்திக்கொள்ளலாமா? எம்.ஏ. சேர்க்கலாமா? எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?"

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இக்கேள்விக்கு நாம் ஒரே விடையைச் சொல்லி வந்தோம். "சேருங்கள். மேற்படிப்பு ஒருநாளும் வீண்போகாது" என்பதே அது. சொல்வோர்க்கும் இனிய விடை. கேட்போர்க்கும் இனிய விடை. ஆயினும் அது முழுமையான விடை அன்று என்பதைக் காலம் எமக்குக் கற்பித்துள்ளது. மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் அவ்விடையைத் திருத்திச் சொல்ல விழைகிறோம்.

மூடிய சிப்பியின் ஏலம்

நாம் வாழ்வது முத்துக்குளித்துறை. கொற்கையின் பெயரையும் காயலின் பெயரையும் கடல்கடந்த நாடுகள் அறிந்தது முத்தினால்தான். பரதவரும், கீழக்கரை முதலான ஊர்களைச் சேர்ந்த முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்த கடல் இது. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் அக்குளிப்பு நின்றுபோயிற்று. எனினும் அதனைக் கண்ட முதியோர் சொன்ன செய்திகள் நம் இல்லங்களில் இன்னும் உலவுகின்றன.

கரைக்கு வந்த சிப்பிகளைக் குவித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். வாங்குபவர் திறந்து பார்த்து வாங்க இயலாது. முத்து இருந்தால் செல்வம். இல்லையேல் கையில் எஞ்சுவது சிப்பி ஓடு. இதனை நம்மில் பலரும் கேட்டிருப்போம். ஆனால் அந்த ஏலத்துக்கு முன்னர் நடந்த ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறோம். கடலுக்கடியில் உள்ள முத்துப் பார்களை அரசினர் முன்கூட்டியே ஆய்வு செய்வர். மாதிரிக்காகச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை வல்லுநரைக் கொண்டு மதிப்பிடுவர். சிப்பி முற்றியதா, இளையதா என்று பார்ப்பர். ஆதாயம் உண்டு என்று தெரிந்த பின்னரே குளிப்புக்கு நாள் குறிப்பர். இல்லையென்றால் அவ்வாண்டு குளிப்பே இல்லை.

முதுகலையில் சேரும் நம் பிள்ளைகளுக்கு ஏலம் மட்டுமே வாய்த்திருக்கிறது; மாதிரி ஆய்வு வாய்க்கவில்லை. இரண்டாண்டு இளமையையும் பெற்றோரின் பணத்தையும் விலையாகக் கொடுத்து மூடிய சிப்பியை வாங்கிச் செல்கின்றனர். அச்சிப்பியை ஈண்டுச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

இளங்கலை திறக்கும் கதவுகள்

நம் நாட்டில் அரசுப் பணிக்கான வாயில்களுள் பெரும்பாலானவற்றுக்கு இளங்கலைப் பட்டமே திறவுகோல். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். முதலான குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வுக்கும் இரண்டாம் தொகுதித் தேர்வுக்கும் அவ்வாறே. வங்கி அதிகாரித் தேர்வும் பட்டத்தையே கேட்கிறது. பொதுப் பிரிவினருக்கு 30 வயது என்னும் வரம்பையும் வைத்திருக்கிறது. இத்தேர்வுகளில் முதுகலை பெற்றவருக்குக் கூடுதல் மதிப்பெண் இல்லை. துணை ஆட்சியர் பதவிக்கான தேர்வறையில் பி.ஏ.யும் எம்.ஏ.யும் ஒரே வரிசையில் அமர்கின்றனர்.

நான்காம் தொகுதித் தேர்வோ பத்தாம் வகுப்புத் தேர்ச்சியையே அடிப்படைத் தகுதியாகக் கொண்டது. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் ஆகிய பணிகள் அதனுள் அடங்கும். அதன் 200 வினாக்களில் 100 வினாக்கள் தமிழுக்கு உரியவை. தமிழ் இலக்கியம் பயின்ற நம் மாணவருக்கு இது பெரும் வாய்ப்பு. ஆயினும் அவ்வாய்ப்பை அவருக்கு அளிப்பது அவர் கற்ற தமிழேயன்றி, பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகள் அல்ல. ஐந்தாண்டு கல்லூரியில் பயின்று முதுகலை முடித்தவர், பள்ளிப் படிப்பே போதுமான ஒரு தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பும் காட்சியை ஆண்டுதோறும் காண்கிறோம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தேர்வை அவர் முன்னரே எழுதியிருக்கலாம் என்பதைக் கல்லூரியில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே வருத்தம்.

முதுகலை கேட்கும் கதவுகள்

முதுகலையின்றித் திறவாத கதவுகளும் உண்டு. தமிழாசிரியர் என்னும் முறையில் நாம் நன்கறிந்தவை இரண்டு: ஒன்று மேல்நிலைப் பள்ளி, மற்றொன்று கல்லூரி.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி முறை வந்தது. கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு பள்ளிக்குச் சென்றது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கற்பிக்க முதுகலை ஆசிரியர் என்னும் பணியிடம் பெருகியது. இன்றும் அப்பணிக்கு முதுகலையும் பி.எட்.டும் வேண்டும். இளங்கலையும் பி.எட்.டும் பெற்றவர் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம்.

இவ்விருவர்க்கும் இடையே ஊதிய வேறுபாடு எவ்வளவு என்று நம் மாணவரைக் கேட்டால், ஐயாயிரம் என்பார், பத்தாயிரம் என்பார். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் 2023ஆம் ஆண்டு அறிவிக்கையில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். 2021ஆம் ஆண்டு அறிவிக்கையில் முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாய். வேறுபாடு 500 ரூபாய்! பணியில் இருப்போர் உயர்கல்வித் தகுதி பெற்றால் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வையும் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

அவ்வாறாயின் முதுகலையால் பயன் இல்லையா? உண்டு, ஆனால் அது ஊதியத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. பட்டதாரி ஆசிரியராக விரும்புவோர் முதலில் ஆசிரியர் தகுதித் தேர்வில் வெல்ல வேண்டும். அதன்பின் போட்டித் தேர்விலும் வெல்ல வேண்டும். முதுகலை ஆசிரியருக்குத் தகுதித் தேர்வு இல்லை. போட்டித் தேர்வு ஒன்றே. மேலும், பட்டதாரி ஆசிரியராகப் பணியில் சேர்ந்தவர் முதுகலையும் பெற்றிருந்தால் பதவி உயர்வு பெறும் வழியும் இருந்து வந்திருக்கிறது. ஆகவே, முதலில் வேலை, பின்னர் முதுகலை என்னும் வரிசையும் அறிவுடையதே.

கல்லூரிக் கதவு இன்னும் கனமானது. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு, நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். எம்.ஏ. மட்டும் கையில் உள்ளவருக்கு அக்கதவு திறவாது. பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதித்தது. 2021 சூலை முதல் நடைமுறைக்கு வர வேண்டிய அவ்விதி 2023 வரை தள்ளிவைக்கப்பட்டது. 2023 சூலையிலிருந்து, நெட் அல்லது செட் தேர்ச்சியே போதும், முனைவர் பட்டம் விருப்பத்துக்கு உரியது என்று மாற்றப்பட்டது. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டபோது, தகுதியைக் கையில் வைத்திருந்தவரே விண்ணப்பிக்க முடிந்தது. மற்றையோர் செய்தித்தாளை மடித்து வைத்தனர்.

சமுதாயப் பெரியோர் இவ்விடத்தில் ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2007இல் கிடைத்தது. 200 இடங்கள் என்றால் 7 இடங்கள். கல்லூரி ஆசிரியர் பணியில் அந்த 7 இடங்களையும் பெறுதற்கு முதுகலையும் தகுதித் தேர்ச்சியும் உடைய 7 பேர் நம்மிடையே இருந்தாக வேண்டும். எனவே சிலரேனும் முதுகலையைச் செம்மையாகப் பயின்றே தீர வேண்டும். எல்லாரும் சேர்வதனால் அந்த எழுவர் உருவாகிவிட மாட்டார்கள்.

எம் பட்டத்தின் கதை

பட்டங்களுக்கும் ஆயுள் உண்டு. வித்துவான் என்றும் புலவர் என்றும் பட்டம் பெற்றோர் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் வளர்த்த காலம் ஒன்று இருந்தது. இன்று அப்பட்டங்களைத் தருவோர் இல்லை. அவ்வரிசையில் எம் பட்டமும் சேர்ந்துவிட்டது.

நாம் முதுகலை முடித்து ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குப் பயின்ற காலத்தில், எம்.ஃபில். பெற்றோர் இளங்கலை வகுப்புகளுக்குக் கற்பிக்க நெட் தேர்விலிருந்து விலக்கு இருந்தது. 2006இல் அளிக்கப்பட்ட சலுகை அது. எம் வாப்பா கடன் வாங்கித் தந்த பணத்தில் அப்பட்டத்தைப் பெற்றோம். "இனி உனக்குக் கவலை இல்லை" என்று அவர் எம் தலையைத் தடவிச் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. 2009இல் மானியக் குழு அச்சலுகையை நீக்கிற்று. அதன்பின் ஒரு கல்லூரியில் நிலையான பணியிடத்துக்கான நேர்காணலுக்குச் சென்றோம். எம் சான்றிதழ்களைப் புரட்டிய பெரியவர், எம்.ஃபில். தாளை மட்டும் தனியே எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்து, "இது இப்போது கணக்கில் வராது, தம்பி" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, அன்போடுதான் சொன்னார். பின்னர்த் தகுதித் தேர்வுக்காக மீண்டும் மாணவரானோம். பகலில் வகுப்பில் ஆசிரியர், இரவில் விளக்கடியில் மாணவர் என ஆண்டுகள் சில கழிந்தன.

2022 நவம்பரில் வெளியான மானியக் குழுவின் ஒழுங்குமுறை எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டது. முன்னரே பெற்ற பட்டங்கள் செல்லும் என்பது ஆறுதல். அதே ஒழுங்குமுறை, நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு பெற்றவர் முதுகலை இன்றியே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் கூறுகிறது. ஆகவே முதுகலையின் இடமும் நாளை எவ்வாறு இருக்கும் என்று உறுதி கூறுவார் இல்லை. விதிகள் டெல்லியிலும் சென்னையிலும் மாறுகின்றன. விலையைக் கொடுப்பவர் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருக்கிறார்.

விதியை அறியாமல் பட்டம் பெறுவதன் ஆபத்துக்கு மற்றொரு சான்றும் உண்டு. இளங்கலை பயிலாமலே திறந்தநிலை வழியில் நேரடியாக எம்.ஏ. பெறும் முறை ஒரு காலத்தில் பரவியிருந்தது. முதற்பட்டம் இன்றிப் பெற்ற அத்தகைய முதுகலை அரசுப் பணித் தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. பெரிய பட்டத்தைக் கையில் வைத்திருந்தோர், சிறிய பட்டம் இல்லாமையால் வெளியே நின்றனர்.

துறைமுகத்தின் கணக்கு

இனிச் சொல்லப்போவது எம் பிழை.

துறையில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் முதுகலை வகுப்பே மூடப்பட்டுவிடும் என்னும் அச்சம் தமிழ்த் துறைகளில் பணியாற்றும் எவரும் அறிந்ததே. அவ்வச்சத்தினால் ஓராண்டு நாம் மாணவர்களின் இல்லங்களுக்கே சென்று சேர்க்கை தேடினோம். இளங்கலை முடித்த ஒரு மாணவருக்குத் தூத்துக்குடியில் சுங்கத் தரகு அலுவலகம் ஒன்றில் வேலை காத்திருந்தது. துறைமுகத்தார் கிளியரிங் ஆபீஸ் என்று சொல்லும் அலுவலகம். தொடக்க ஊதியம் சிறியதே. "இந்தச் சம்பளத்துக்கா போகிறீர்? எம்.ஏ. முடித்தால் பேராசிரியர் ஆகலாமே" என்றோம். எம் சொல்லை நம்பிச் சேர்ந்தார். அந்த வேலைக்கு அவருடைய வகுப்புத் தோழர் சென்றார்.

இரண்டாண்டுகள் கழிந்தன. மாணவர் முதுகலை முடித்தார். நெட் தேர்வில் வெல்லவில்லை. வீட்டில் தங்கையின் திருமணம் வந்தது. அவர் சென்று சேர்ந்தது அதே அலுவலகத்தில். அவருக்குப் பணி கற்றுக்கொடுத்தவர் அதே வகுப்புத் தோழர். பட்டம் பெற்று, ஜி கார்டு உடையவராக இரண்டாண்டு பணியாற்றியவர் சுங்கத் தரகர் உரிமத் தேர்வு எழுதலாம் என்பது 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் விதி. தோழர் அத்தேர்வை நோக்கிப் பாதிவழி கடந்திருந்தார். நம் மாணவர் முதல்நாள் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டார். அத்துறைக்கு எம்.ஏ. ஒரு நாள் அனுபவமாகவும் கணக்கிடப்படவில்லை.

சில மாதங்களுக்குப் பின் அவரைப் பழைய துறைமுகத்தின் அருகே கண்டோம். ஸலாம் சொல்லி, தேநீர் வாங்கித் தந்து, துறையின் நலம் விசாரித்தார். எம்மை அவர் நொந்துகொள்ளவே இல்லை. அதுதான் எம்மை உறுத்தியது. நம் வகுப்பறையின் ஓர் இருக்கை நிரம்புவதற்கு அவர் தம் வாழ்வின் இரண்டாண்டைக் கொடுத்திருந்தார்.

1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் நம் வாயிலில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மின்வாகன ஆலை ஒன்றும் இம்மாவட்டத்தில் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் கலைப் பட்டதாரிக்கு உள்ள பணிகள் கணக்கு, ஆவணம், கிடங்கு, கப்பல் முகவாண்மை போன்றவை. அங்கே இளங்கலை நுழைவுச் சீட்டு. அதன்பின் உயர்த்துவது அனுபவமும் மொழித் திறனும் கணினிப் பயிற்சியும். வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் இளைஞர் நிலையும் பெரும்பாலும் இதுவே.

பெண்மக்களின் கணக்கு

மேலே கூறியவற்றைப் படித்த தந்தையார் எவரேனும், "நல்லது, இனி என் மகளை எம்.ஏ.வுக்கு அனுப்ப வேண்டியதில்லை" என்று முடிவு செய்வாராயின், அவர் எம் கருத்தைத் தலைகீழாகப் பிடித்தவர் ஆவார்.

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருவர் சேர்க்கை நாளன்று எம்மிடம் தனியே சொன்னார்: "எம்.ஏ. இடம் கிடைக்கலைன்னா அடுத்த மாசமே நிக்காஹ் பேசிருவாங்க ஐயா. உம்மாவுக்கு நான் படிக்கணும்னுதான் ஆசை. வாப்பாகிட்ட சொல்லத்தான் பயப்படுறாங்க." அவருக்கு இடம் கிடைத்தது. அவ்விரண்டாண்டிலும் நூலகம் மூடும்வரை அமர்ந்து நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படித்தார். வென்றார். இன்று வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகப் பணியாற்றுகிறார்.

அவர் வகிக்கும் பணிக்கு முதுகலை வேண்டியதில்லை. ஆயினும் முதுகலை இல்லாதிருந்தால் அப்பணி அவருக்குக் கிடைத்திராது. பட்டம் தராத ஒன்றை, அதாவது காலத்தை, அப்படிப்பு அவருக்கு ஈட்டித் தந்தது. இதனை எந்த ஊதியப் பட்டியலிலும் காண இயலாது. ஒரு பெண் தன் காலில் நிற்பதற்குத் தேவையான இரண்டாண்டைப் பெற, எம்.ஏ. என்னும் போர்வை தேவைப்படுகிறது என்றால், அப்போர்வையைக் குறை கூறும் முன் அதனைத் தேவையாக்கிய நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இளங்கலை முடித்த மகளிடம், "தேர்வுக்குப் படிக்க உனக்கு இரண்டாண்டு தருகிறேன்" என்று சொல்லும் தந்தையர் பெருகுவராயின், விருப்பமில்லாத பாடத்தில் பெயருக்குச் சேரும் நிலை மாறும்.

செய்யத் தக்கவை

மாணவருக்கு: சேர்க்கை விண்ணப்பத்தை வாங்கும் முன், நீர் விரும்பும் பணியின் அண்மைய அறிவிக்கையை வாங்கிப் படியும். அதில் தகுதி என்னும் பகுதியை இருமுறை படியும். அப்பணி முதுகலையைக் கேட்கிறதா? கேட்குமாயின் அதனோடு வேறு எதைக் கேட்கிறது? வயது வரம்பு என்ன? இவற்றுக்கு விடை எழுதிய பின் நான்காவது வினா ஒன்றையும் எழுதிக்கொள்ளும்: வேலை கிடைக்காது என்று இன்றே தெரிந்தாலும் இப்பாடத்தை இன்னும் இரண்டாண்டு பயில என் மனம் விரும்புகிறதா? முதல் மூன்றுக்குத் தெளிவான விடை உடையவரும் முதுகலைக்கு வரலாம். நான்காவதற்கு ஆம் என்பவரும் வரலாம். நான்கிலும் விடையில்லாதவர் முதலில் ஒரு வேலையிலோ ஒரு தேர்விலோ கால் ஊன்றட்டும். தொலைநிலைக் கல்வி வழியே முதுகலை பின்னரும் பெறலாம்; ஆனால் அப்படிப்புக்கு மானியக் குழுவின் ஏற்பு உண்டா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதுகலையில் சேர்ந்தவர், சேர்ந்த நாளிலிருந்தே நெட் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இறுதியாண்டு பயிலும்போதே அத்தேர்வை எழுத இயலும். இளநிலை ஆய்வு நல்கைக்குரிய மதிப்பெண் பெற்றோர்க்கு 2023 சனவரி முதல் திங்கள்தோறும் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. ஆய்வுக்கு வரும் ஏழை மாணவருக்கு இதனினும் பெரிய ஊன்றுகோல் இல்லை.

சமுதாயப் பெரியோருக்கு: சிறுபான்மை மாணவரின் ஆய்வுப் படிப்புக்கு 2009 முதல் கிடைத்துவந்த மௌலானா ஆசாத் தேசிய நல்கையை மத்திய அரசு 2022இல் நிறுத்திவிட்டது. அவ்விடம் வெறுமையாக இருக்கிறது. ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் சேர்க்கைக் கட்டணத்துக்கு உதவுவது நன்று. அவ்வுதவியில் ஒரு பகுதியைத் தகுதித் தேர்வுப் பயிற்சிக்கும் நூல்களுக்கும் ஒதுக்கினால் இன்னும் நன்று. ஊர்தோறும் ஒரு படிப்பகம், இரவு பத்து மணிவரை விளக்கு, பெண்களுக்குத் தனி நேரம் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

எம்மைப் போன்ற ஆசிரியருக்கு: முத்துப் பாரை ஆய்ந்தோர் செய்ததை நாமும் செய்ய வேண்டும். கடந்த ஐந்தாண்டில் நம் துறையில் இளங்கலையோடு சென்றவர் எங்கே இருக்கின்றனர்? முதுகலை முடித்தவர் எங்கே இருக்கின்றனர்? எத்தனை பேர் தகுதித் தேர்வில் வென்றனர்? எத்தனை பேர் படிப்புக்குத் தொடர்பில்லாத பணியில் உள்ளனர்? பெயர்களின்றி எண்ணிக்கை மட்டும் கொண்ட ஒரு பட்டியல் ஆண்டுதோறும் துறையின் அறிவிப்புப் பலகையில் தொங்க வேண்டும். அதைக் கண்டு சிலர் சேராமல் திரும்பக்கூடும். நம் வகுப்பில் இருக்கைகள் சில காலியாகக்கூடும். உண்மையை மறைத்து நிரப்பிய இருக்கையை விட அது மேலானது. அப்பட்டியலைத் திரட்டும் பணியை நாமே ஏற்கிறோம் என்பதை இம்மலரின் வாயிலாக அறிவிக்கிறோம்.

முத்து இருக்கும் இடம்

ஊதியத்தையே பேசிவிட்டு முடித்தால் முதுகலைக்கு நாம் நீதி செய்தவர் ஆகமாட்டோம். இலங்கையைச் சேர்ந்த ம.மு. உவைஸ் என்னும் தமிழறிஞர், தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பைத் தம் முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அவ்வாய்வு 1953இல் நூலாக வெளிவந்தது. சிதறிக் கிடந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்கள் பலவற்றைக் கற்றோர் உலகம் ஒருசேரக் கண்டது அந்நூல் வழியேதான். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு இருக்கை அமைந்தபோது அதன் பேராசிரியராக வந்தவரும் அவரே. முதுகலை மாணவர் ஒருவர் எழுதிய ஏடு ஒரு புலத்துக்கே வாயில் திறந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் இந்த மாவட்டத்தில், ஆய்வாரைக் காத்திருக்கும் ஏடுகளும் கல்வெட்டுகளும் வாய்மொழிகளும் இன்னும் உள்ளன. அவற்றுக்காக வரும் மாணவர் ஒருவர் வந்தாலும் நம் முதுகலை வகுப்புக்கு அது போதிய சிறப்பு.

சென்ற ஆண்டு சேர்க்கையின்போது, அந்தத் துறைமுக மாணவரின் தம்பி தம் வாப்பாவோடு எம்மிடம் வந்தார். அதே கேள்வியைக் கேட்டார். நாம் அவரை அமரச் செய்து, ஓர் அறிவிக்கையை அவர் முன் வைத்து, "முதலில் இதைப் படியுங்கள். நாளை வாருங்கள், பேசுவோம்" என்றோம். மறுநாள் வந்தார். "ஐயா, எனக்குச் சுங்கத் துறை வேலைதான் பிடித்திருக்கிறது" என்றார். நம் வகுப்பில் அவ்வாண்டு ஓர் இருக்கை காலியாக இருந்தது. அதனைப் பார்க்கும்போதெல்லாம் எம் மனம் நிறைவுற்றே இருந்தது.

இளங்கலையா, முதுகலையா என்னும் கேள்விக்குப் பொது விடை இல்லை. உம் விடை உண்டு. ஏலம் கேட்கும் முன் சிப்பியைத் திறந்து பாருங்கள். திறந்து காட்டுவது எம் கடன்.